சைன் ஆஃப் கிடைக்காத வருடம்

கப்பலில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், ஊர் பேர் விசாரிப்பதற்கு முன்பே நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை மாசம் ஆச்சு?" இரண்டு, மூன்று என்று பதில் வந்தால் ஆள் தெளிவாக இருக்கிறார் என்று அர்த்தம். எட்டு, ஒன்பது என்றால் அவரிடம் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் இருப்பவர் மெஸ்ஸில் சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். அது யாருடைய குணமும் அல்ல, மாதக் கணக்கின் குணம்.

2020-ஆம் வருடத்தில் உலகம் முழுக்க இந்தக் கேள்விக்கு பதின்மூன்று, பதினைந்து, பதினேழு என்று பதில் சொன்னவர்கள் இருந்தார்கள். கொரோனா காலத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், தூய்மைப் பணியாளர்கள், நடந்தே ஊர் போன தொழிலாளர்கள் எல்லோரையும் பற்றிப் படித்தோம். நடுக்கடலில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி மட்டும் தமிழில் நான் படித்தது மிகக் குறைவு. முப்பத்திரண்டு வருடம் எஞ்சின் ரூமில் இருந்தவன் என்பதால் இதை எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கப்பல் வேலை ஒப்பந்த வேலை. அதிகாரிகளுக்கு நாலு முதல் ஆறு மாதம், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்பது மாதம். ஏறும்போது 'சைன் ஆன்', இறங்கும்போது 'சைன் ஆஃப்'. ஏறிய நாளிலிருந்து இறங்கும் நாள் வரை ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பொங்கல் கிடையாது. நாலு மணி நேரம் வாட்ச், எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம் வாட்ச். அந்த எட்டு மணி நேரத்திலும் ரிப்பேர், பெயின்ட், பேப்பர் வேலை என்று பாதி போய்விடும். இப்போதெல்லாம் மூன்று கால்பந்து மைதான நீளமுள்ள கப்பலில்கூட இருபது, இருபத்தைந்து பேர்தான் இருக்கிறார்கள். அதனால் ஒருவர் இறங்க வேண்டுமென்றால் அவருடைய வேலைக்கு இன்னொருவர் வந்து ஏறியாக வேண்டும். ரிலீவர் வரவில்லை என்றால் சைன் ஆஃப் இல்லை. இந்த ஒரு கண்ணியில்தான் 2020-இல் எல்லாம் சிக்கியது.

அந்த ரிலீவர் வந்து சேர என்னென்ன வேண்டும்? அவர் ஊரில் விசா கொடுக்கும் அலுவலகம் திறந்திருக்க வேண்டும். விமானம் பறக்க வேண்டும். கப்பல் நிற்கும் நாட்டில் அவரை இறங்க விட வேண்டும். துறைமுகத்துக்குள் போக விட வேண்டும். இறங்குகிறவருக்கும் இதே வரிசை, தலைகீழாக. ஒரு சங்கிலியில் ஐந்தாறு கண்ணிகள் என்றால், 2020 மார்ச்சில் அத்தனை கண்ணியும் ஒரே நேரத்தில் அறுந்தன. நம் நாட்டில் மார்ச் 22-ஆம் தேதியோடு வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 25-ஆம் தேதி ஊரடங்கு. சாதாரண காலத்தில் உலகம் முழுக்க மாதம் ஒரு லட்சம் பேராவது கப்பல் மாறுவார்கள். அது கிட்டத்தட்ட நின்றே போனது. ஆனால் கப்பல்கள் நிற்கவில்லை. நின்றிருந்தால் மாஸ்க்கும் மாத்திரையும் கோதுமையும் சமையல் எண்ணெயும் வந்திருக்காது.

கப்பலையும் தொற்றுநோயையும் சேர்த்துப் பார்க்கும் பயம் புதிது அல்ல. 1377-இல் இன்று டுப்ரோவ்னிக் என்று சொல்லப்படும் ரகூசா நகரம், கொள்ளைநோய் உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள் முப்பது நாள் ஒதுங்கியிருந்த பிறகே உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டது. பிறகு அது நாற்பது நாளானது. நாற்பது என்பதற்கான இத்தாலியச் சொல்லிலிருந்துதான் குவாரன்டைன் என்ற வார்த்தையே வந்தது. இன்றைக்கும் ஒரு துறைமுகத்துக்குள் நுழையும்போது மஞ்சள் கொடி ஏற்றுகிறோம். "என் கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி கொடு" என்று அதற்குப் பொருள்.

அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. 1918 ஆகஸ்டில் மான்டுவா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், காய்ச்சலில் கிடந்த சுமார் 200 பேரோடு மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனுக்கு வந்தது. அங்கிருந்து ஸ்பானிஷ் ஃப்ளூ ஊருக்குள் பரவியது. அதே வருடம் நவம்பர் 7-ஆம் தேதி ஆக்லாந்திலிருந்து டலூன் என்ற கப்பல் மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. நோயாளிகள் இருந்தும் இறங்க விட்டார்கள். சில வாரங்களில் அந்தத் தீவுகளின் மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்துபோனார். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் கவர்னர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. ஆகவே கப்பலைத் தடுப்பது முட்டாள்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. தடுக்கப்பட்ட கப்பலுக்குள் இருப்பவன் எத்தனை நாள் இருப்பான், அவனுக்கு யார் பொறுப்பு என்பதைச் சட்டம் போடும்போது யாரும் நினைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். கப்பலில் 3,711 பேர். அதில் ஆயிரத்துச் சொச்சம் பேர் ஊழியர்கள். பயணிகளை அவரவர் அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். சரி, அறைக்குள் இருப்பவருக்குச் சாப்பாடு யார் கொண்டுபோய்க் கொடுப்பது? ஊழியர்கள்தான். அவர்களுக்குத் தனி அறை கிடையாது. கீழ்த் தளத்தில் இரண்டு பேர் ஒரு அறையில் படுத்து, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, காலையில் எழுந்து கதவு கதவாகத் தட்டினார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. இந்தியர்கள் 138 பேர், அதில் 132 பேர் ஊழியர்கள். "எங்களைக் காப்பாற்றுங்கள்" என்று அவர்களில் சிலர் போனில் எடுத்து அனுப்பிய வீடியோக்கள் வாட்ஸாப்பில் சுற்றின. பிப்ரவரி கடைசியில் ஏர் இந்தியா விமானம் போய் 119 பேரைக் கூட்டி வந்தது. அன்றைக்கு அதுவே பெரிய செய்தி. அடுத்த மாதமே அது எவ்வளவு அதிர்ஷ்டம் என்று மற்ற மாலுமிகளுக்குப் புரிந்துவிட்டது.

சொகுசுக் கப்பல் என்றால் டிவிக்காரர்கள் வருவார்கள். நிலக்கரி ஏற்றிய பல்க் கேரியருக்கு யார் வருவார்?

எங்கள் தெருவில் ஒரு பையன். ஏ.பி.யாக இருக்கிறான், அதாவது சுக்கான் பிடிக்கிற, டெக்கில் வேலை செய்கிற மாலுமி. 2019 தீபாவளி முடிந்ததும் ஏறினான். ஒன்பது மாதக் கணக்குப்படி ஆடி மாதம் வீட்டில் இருக்க வேண்டும். அவன் அம்மா வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் வந்து நிற்பார். "எப்ப அண்ணாச்சி விடுவாங்க?" கப்பலில் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரியும் என்று நம்பிக்கை. அடுத்த துறைமுகத்தில் விடுவார்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஆகஸ்டுக்குப் பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். ஏஜென்ட் ஆபீஸில் கேட்டால் அவர்களும் அடுத்த போர்ட், அடுத்த போர்ட் என்றுதான் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. ஒரு துறைமுகம் இன்று அனுமதி என்று அறிவிக்கும். கப்பல் அங்கே போய்ச் சேருவதற்குள் இன்னொரு சுற்றறிக்கை வந்து கதவைச் சாத்திவிடும்.

பையன் போனில் அம்மாவிடம் நன்றாக இருக்கிறேன் என்பான். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னான்: "மாமா, முன்னாடி கரையைப் பார்த்தா சந்தோஷமா இருக்கும். இப்ப கரையைப் பார்த்தாத்தான் கோபம் வருது." எனக்கு அது நன்றாகப் புரிந்தது. என் காலத்திலும் ரிலீவர் வராமல் ஒருமுறை ஆறு வாரம் கூடுதலாக ஓட்டியிருக்கிறேன். அந்த ஆறு வாரமே எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அப்போது துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி நடக்கலாம், ஒரு டீ குடிக்கலாம், சீமென்ஸ் கிளப்பில் போய் ஊருக்கு ஒரு போன் போடலாம். ஷோர் லீவ் என்பது நாலு மணி நேரம்தான் என்றாலும் அது நுரையீரலுக்குள் போகும் காற்று மாதிரி. 2020-இல் அதுவும் இல்லை. சரக்கு இறக்க மேலே வருகிற தொழிலாளியைப் பார்த்து மாலுமி பயந்தான். மாலுமியைப் பார்த்து அந்தத் தொழிலாளி பயந்தான். கேங்வேயின் கீழ்ப்படி வரை போய்த் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

பல் வலி வந்தால்கூடக் கரை கிடையாது. இந்தோனேசியக் கடலோரத்தில் ஒரு ரஷ்ய மாலுமிக்குப் பக்கவாதம் தாக்கியது. ஏப்ரல் மாதம். அவரை இறக்குவதற்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, உலகத் தொழிலாளர் அமைப்பு எல்லாம் தலையிட வேண்டியிருந்தது. கப்பலில் டாக்டர் கிடையாது. மருந்துப் பெட்டியும் ஒரு புத்தகமும் முதலுதவி படித்த ஒரு மேட்டும்தான்.

இனி ஜக் ஆனந்த் கதைக்கு வருகிறேன். இந்தியக் கம்பெனிக் கப்பல், இந்திய மாலுமிகள் 23 பேர். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு லட்சத்து எழுபதாயிரம் டன் நிலக்கரியோடு 2020 ஜூன் 13-ஆம் தேதி சீனாவின் ஜிங்டாங் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. சரக்கை இறக்க விடவில்லை. ஆட்களையும் மாற்ற விடவில்லை. கொரோனா கட்டுப்பாடு என்று சீனா சொன்னது. ஆனால் அதே நேரத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் வணிகச் சண்டை முற்றியிருந்தது, ஆஸ்திரேலிய நிலக்கரியை யாரும் தொடத் தயாராக இல்லை. செப்டம்பர் 20 முதல் அனஸ்டாசியா என்ற இன்னொரு கப்பல், அதில் 16 இந்தியர்கள், காஃபைடியன் துறைமுகத்துக்கு வெளியே அதே கதியில் நின்றது. மொத்தம் 39 பேர்.

நங்கூரத்தில் நிற்பது ஓய்வு என்று கரையில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஓடுகிற கப்பலில் ஒரு நாள் கழிந்தால் வீட்டுக்கு ஒரு நாள் அருகில் வந்ததாகக் கணக்கு. நிற்கிற கப்பலில் அந்தக் கணக்கு இல்லை. அதே கடல், அதே கரை விளக்குகள், அதே இருபது முகம். குளிர்காலத்தில் அந்தப் பகுதியில் பனி உறையும். சரக்கை அங்கேயே விட்டுவிட்டு வேறு துறைமுகம் போய் ஆளை மாற்றி வரக் கூடாதா என்றால், சரக்கு வாங்கியவர், விற்றவர், கப்பலை வாடகைக்கு எடுத்தவர் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். நாளொன்றுக்குப் பல ஆயிரம் டாலர் வாடகையை யார் தலையில் கட்டுவது என்பதிலேயே மாதங்கள் ஓடின. கடைசியில் ஜக் ஆனந்த் 2021 ஜனவரியில் நிலக்கரியோடு ஜப்பானின் சிபா துறைமுகத்துக்குப் போய், அங்கே ஆட்கள் மாறி ஊர் வந்தார்கள். அனஸ்டாசியாவில் இருந்தவர்கள் பிப்ரவரியில் வந்தார்கள். நோய்க்காக மூடிய கதவு, அரசியலுக்காகவும் மூடியே இருந்தது என்பது என் கருத்து.

இன்னொரு கப்பலையும் சொல்ல வேண்டும். வகாஷியோ. முதலாளி ஜப்பானில், கொடி பனாமாவுடையது, கேப்டன் இந்தியர். 2020 ஜூலை 25-ஆம் தேதி மாலை மொரீஷியஸின் தென்கிழக்குப் பவளப்பாறையில் போய் ஏறியது. சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. கரைக்கு ஏன் அவ்வளவு அருகில் போனார்கள் என்று விசாரித்தபோது, செல்போன் சிக்னல் கிடைப்பதற்காக என்று தெரியவந்தது. பொறுப்பில் இருந்தவர்களின் தப்புத் தப்புதான். கேப்டனுக்கு இருபது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது, அதை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போன் போட ஒரு சிக்னல் வேண்டும் என்பதற்காக இருநூறாயிரம் டன் சுமக்கக்கூடிய கப்பலைக் கரைக்கு ஒட்டி ஓட்டுகிற நிலை ஏன் வந்தது என்று கேட்க வேண்டாமா? கப்பலில் நல்ல இன்டர்நெட் வைப்பதற்கு ஆகிற செலவை, அந்தத் தீவின் மீனவர்கள் இழந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கரையில் காத்திருந்தவர்கள் கதை வேறு. ஏறியவன் இறங்க முடியாதது போல, இறங்கியவன் ஏறவும் முடியவில்லை. ஒப்பந்த மாலுமிக்கு வீட்டில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. மூன்று மாத லீவுக்கென்று சேர்த்த பணத்தில் பத்து மாதம் ஓட்ட வேண்டும். தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் நகையை அடகு வைத்துப் படித்துச் சான்றிதழ் வாங்கி, முதல் கப்பலுக்குக் காத்திருந்த பையன்களின் நிலை இன்னும் மோசம். கப்பலில் மாட்டியவனாவது செய்தியில் வந்தான், இவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஜூலை 1-ஆம் தேதி எங்கள் துறைமுகத்துக்கு ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைக் கொண்டுவந்தது. பெரும்பாலோர் நம் மீனவர்கள். மாதக்கணக்கில் அங்கே படகிலேயே கிடந்தவர்கள். மாலுமிகளுக்கும் ஏதாவது கப்பல் போகாதா என்று அன்று சிலர் கேட்டார்கள். அது நடக்கிற காரியம் இல்லை, மாலுமி ஒரே இடத்தில் இருக்கிறவன் அல்லவே. அவனுக்கு வழி வேறு விதமாகத் திறந்தது. ஜூலை நடுவில் விழிஞ்ஞத்துக்கு வெளியே கப்பலை நிறுத்தி, படகில் ஆட்களை ஏற்றி இறக்கத் தொடங்கினார்கள். கொழும்பு வழியாகப் போகும் கப்பல்கள் கொஞ்சம் ஒதுங்கினாலே போதும். பெரிய துறைமுகங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன மீன்பிடி ஊர் இதைச் செய்தது எனக்குப் பிடித்திருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-இல் எழுதப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. இந்தியாவும் 2015-இல் கையெழுத்திட்டது. அதன்படி ஒருவரைத் தொடர்ந்து பதினோரு மாதத்துக்கு மேல் கப்பலில் வைக்கக் கூடாது. ஊருக்கு அனுப்பும் செலவு கப்பல் முதலாளியுடையது. எழுத்தில் அருமையான சட்டம். 2020-இல் நாடுகள் ஒவ்வொன்றாக, "இது எங்கள் சக்திக்கு மீறிய நிலைமை" என்று சொல்லி ஒப்பந்தங்களை நீட்டித்தன. மாலுமியிடம் சம்மதக் கையெழுத்து வாங்கினார்கள். இறங்கவே வழியில்லாதவனிடம் வாங்கும் சம்மதம் என்ன சம்மதம்? ஆஸ்திரேலியாவோ பதினோரு மாதம் தாண்டிய மாலுமிகள் இருந்த சில கப்பல்களைப் பிடித்து நிறுத்தியது. ஜூன் மாதத்தில் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், ஒப்பந்தம் முடிந்தவர்கள் வேலையை நிறுத்தினால் துணை நிற்போம் என்று அறிவித்தது. டிசம்பர் 1-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, மாலுமிகளை அத்தியாவசியப் பணியாளர்களாக அறிவியுங்கள் என்று தீர்மானம் போட்டது. அப்போது கணக்குப்படி சுமார் நாலு லட்சம் பேர் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலில் இருந்தார்கள். உலகில் மொத்த மாலுமிகளே இருபது லட்சத்துக்குள்தான்.

அந்த டிசம்பரில்தான் எங்கள் தெருப் பையன் வந்தான். பதின்மூன்று மாதம். பத்து கிலோ இளைத்திருந்தான். தனிமைப்படுத்தலுக்காக ஒரு லாட்ஜில் வைத்திருந்தார்கள். அவன் அம்மா எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கை காட்டிவிட்டு வந்தார்.

முடிந்தது என்று நினைத்தால் 2021 ஏப்ரலில் டெல்டா அலை. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு சிங்கப்பூர் உட்படப் பல இடங்களில் கதவு மூடியது. இந்திய மாலுமியைக் கப்பலில் ஏற்றவே கம்பெனிகள் தயங்கின. தடுப்பூசியிலும் சிக்கல். முதல் ஊசி போட்டு இரண்டாவது ஊசிக்குப் பன்னிரண்டு வாரம் காத்திருந்தால் கப்பல் போய்விடும். கோவாக்சின் போட்டவர்களுக்கு உலக சுகாதார அமைப்பின் பட்டியலில் அது சேரும் வரை, அதாவது நவம்பர் வரை, பல நாடுகளில் மதிப்பில்லை. அதே வருடம் ஒரு இத்தாலியக் கேப்டன் கப்பலிலேயே இறந்தார். அவர் உடலை இறக்க எந்தத் துறைமுகமும் சம்மதிக்கவில்லை. உடலைச் சுமந்துகொண்டு கப்பல் இத்தாலிக்கே திரும்ப வேண்டியிருந்தது. இரண்டு மாதம் ஆனது. கன்டெய்னர் கம்பெனிகள் வரலாறு காணாத லாபம் கண்ட வருடமும் அதுதான்.

2022-இல் அந்த உடன்படிக்கையில் சில திருத்தங்கள் சேர்த்தார்கள். அவை 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் இருக்கின்றன. உடனடி சிகிச்சை தேவைப்படுகிறவரைத் தாமதமின்றி இறக்க வேண்டும். இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்ப நாடுகள் ஒத்துழைக்க வேண்டும். கப்பலில் மாலுமிகளுக்கு இன்டர்நெட் வசதி முடிந்தவரை தர வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமாக இருக்க வேண்டும். நல்ல குடிநீரை இலவசமாகத் தர வேண்டும். பாதுகாப்பு உடைகள் அவரவர் உடல் அளவுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். பட்டியலைப் படித்துக் காட்டியபோது அந்தப் பையன் குடிநீர் இடத்தில் சிரித்தான். அப்போது அவன் அடுத்த கப்பலுக்கு மெடிக்கல் முடித்துவிட்டு, சைன் ஆன் தேதிக்காகக் காத்திருந்தான்.